கல்லீரல் கொழுப்பும் செல்லின் நெருக்கடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் கல்லீரல் கொழுப்பு நோயைப் பற்றி அண்மையில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுப்பிய ஐயங்களுக்கு அளிக்கப்பட்ட விடைகளையும் படித்தேன். பல காலம் குடிகாரர்களின் நோயாக மட்டுமே பேசப்பட்டுவந்த ஒன்றைப் பொதுநோயாகக் கருதித் தமிழ் நாளிதழ் ஒன்று இவ்வளவு இடம் ஒதுக்கியது பாராட்டுக்குரியது. ஆனால் கட்டுரையும் கேள்விகளும் விடைகளும் ‘கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது, அதைக் கரைப்பது எப்படி’ என்பதையே சுற்றிச் சுற்றி வந்தன. மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையில் பணியாற்றி, கல்லீரல் திசுத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில், அந்தக் கேள்வி பாதிக் கேள்விதான் என்று சொல்ல விரும்புகிறேன். கொழுப்பு சேர்ந்த கல்லீரல்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் பெருந்தீங்கின்றியே இருந்துவிடுகின்றன. சில மட்டும் அழற்சி கண்டு, தழும்பேறி, இறுகிப்போகின்றன. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு கொழுப்பின் அளவைவிட, அந்தக் கொழுப்பைச் சமாளிக்க முடியாமல் கல்லீரல் செல்லுக்குள் எழும் நெருக்கடியைப் பொறுத்தது. இது தெரியாததால் அஞ்ச வேண்டியவர்கள் அலட்சியமாகவும், அஞ்ச வேண்டாதவர்கள் தூக்கமிழந்தும் திரிவதைப் பார்க்கிறோம்.

முதலில், கண்ணால் காணக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். நோயாளியின் விலா எலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி எடுக்கப்படும் கல்லீரல் துணுக்கு பென்சில் முனைக்குச்சியின் பருமனும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. முழுக் கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதை ஃபார்மலினில் பதப்படுத்தி, ஆல்கஹாலிலும் சைலீனிலும் மாற்றி மாற்றி இட்டு, மெழுகில் பதித்துச் சீவும்போது கொழுப்பு முழுவதும் கரைந்து போய்விடும். ஆகவே நுண்ணோக்கியில் நாங்கள் பார்ப்பது கொழுப்பை அன்று. அது இருந்த இடத்தில் விழுந்த வட்ட வட்டமான வெண்துளைகளைத்தான். நூறு செல்களில் ஐந்துக்கு மேற்பட்டவற்றில் இத்துளைகள் இருந்தால் அது கொழுப்புக் கல்லீரல். துளைகள் எத்தனை இருப்பினும், அவற்றைச் சுமக்கும் செல் தன் வடிவத்தோடும் தெளிவான உட்கருவோடும் இருந்தால் மனம் அதிகம் கலங்குவதில்லை.

கலங்க வைக்கும் செல் வேறு மாதிரி இருக்கும். இயல்பான அளவைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு ஊதி, உள்ளிருக்கும் பொருள் நைந்து வெளிறி, நடுவில் இளஞ்சிவப்பு நிறத்தில் முறுக்கிய கயிற்றுத் துண்டுகள் போன்ற திரள்களுடன் அது காணப்படும். இத்திரள்களை 1911-இல் பாஸ்டன் நகர நோயியல் அறிஞர் ஃபிராங்க் மல்லோரி, மது அருந்துவோரின் கல்லீரலில் கண்டு எழுதினார். செல்லுக்கு உருவம் தரும் கெரட்டின் புரதங்கள் சரியாக மடியாமல், அகற்றப்பட வேண்டியவை என்று முத்திரையிடப்பட்ட பிறகும் அகற்றப்படாமல், கட்டியாகத் தேங்கியதால் அவை உண்டாகின்றன என்பது பிற்பாடு தெரியவந்தது. 1980-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஜூர்கன் லுட்விக்கும் அவருடைய துணைவர்களும், மது அருந்தாத 20 நோயாளிகளின் கல்லீரலில் அதே ஊதிய செல்களையும் அதே திரள்களையும் விவரித்தார்கள். மதுவுக்கும் மிகையான உணவுக்கும் கல்லீரல் செல் ஒரே விதமாக முகம் சுளிக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியும் தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. எண்ணெயையும் நெய்யையும் நிறுத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், உடலுக்குள் கொழுப்பு செல்லும் வழியைக் குறியிட்ட மூலக்கூறுகளைக் கொண்டு பின்தொடர்ந்தபோது, நோயாளிகளின் கல்லீரலில் சேர்ந்த ட்ரைகிளிசரைடு என்ற சேமிப்புக் கொழுப்பில் ஏறத்தாழ 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தத்தில் இறங்கி வந்த கொழுப்பு அமிலங்களாகவும், 26 சதவீதம் சர்க்கரை, மாவுச்சத்திலிருந்து கல்லீரல் தானே தயாரித்ததாகவும், 15 சதவீதம் மட்டுமே உணவின் கொழுப்பிலிருந்து நேராக வந்ததாகவும் தெரிந்தது. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2025-இல் தெரிவித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை, இடையில் சர்க்கரை போட்ட காபி என்று போகும் நம் வீட்டுச் சாப்பாட்டில், எண்ணெய்ச் சட்டியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எவ்வளவு பொருத்தமற்றது என்பது விளங்கும்.

இனிச் செல்லுக்குள் செல்வோம். கல்லீரலுக்கு வந்துசேரும் கொழுப்பு அமிலங்களைச் செல் மூன்று வழிகளில் கையாளுகிறது. ஒரு பங்கைச் செல்லின் ஆற்றல் உலைகளான மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கிறது. ஒரு பங்கைப் புரதத்தோடு சேர்த்துப் பொதிந்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. எஞ்சியதை ட்ரைகிளிசரைடாக மாற்றித் துளிகளாகச் சேமிக்கிறது. ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிவதும் நுண்ணோக்கியில் துளையாகத் தெரிவதும் இந்த மூன்றாம் வழிச் சேமிப்புதான். குதிருக்குள் இருக்கும் நெல் வீட்டைக் கெடுப்பதில்லை. குதிர் நிரம்பிய பிறகு முற்றத்தில் கொட்டிக் கிடந்து நனையும் நெல்லே புழுத்து நாறுகிறது. கல்லீரலிலும் அப்படித்தான். துளிக்குள் அடங்கிய ட்ரைகிளிசரைடு ஏறத்தாழச் சாதுவானது. அதற்குள் அடங்காமல் திரியும் கொழுப்பு அமிலங்களும், அவற்றிலிருந்து பிறக்கும் இடைநிலைப் பொருள்களுமே நஞ்சாகின்றன.

இது வெறும் ஊகமன்று. 2007-இல் வெளிவந்த எலிகள் பற்றிய ஓர் ஆய்வில், ட்ரைகிளிசரைடு தயாரிப்பின் கடைசிப் படிக்கு உதவும் நொதியை ஆய்வாளர்கள் முடக்கினார்கள். எதிர்பார்த்தபடியே கல்லீரலில் கொழுப்பு குறைந்தது. ஆனால் செல்களின் சேதமும் தழும்பும் கூடின. கொழுப்பைச் சேமிக்க விடாமல் தடுத்ததால், சேமிக்கப்படாத அமிலங்கள் செல்லைத் தாக்கின. ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்று விளம்பரம் செய்யப்படும் எதையும் பார்க்கும்போது இந்த எலிகள்தாம் என் நினைவுக்கு வரும். கரைத்த கொழுப்பு எங்கே போகிறது என்று யாராவது கேட்க வேண்டாமா?

கொழுப்பு அமிலங்கள் எல்லாமும் ஒரே தன்மையுடையவை அல்ல. பாமாயிலிலும் நெய்யிலும் மிகுதியாக உள்ளதும், சர்க்கரையிலிருந்து கல்லீரல் தானே தயாரிப்பதுமான பால்மிட்டிக் அமிலம் நிறைவுற்ற வகை. கடலை எண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் மிகுதியாக உள்ள ஒலியிக் அமிலம் நிறைவுறாத வகை. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் கல்லீரல் செல்களுக்கு ஒலியிக் அமிலத்தைக் கொடுத்தால் அவை துளிகளை நிறையச் சேர்த்துக்கொண்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. பால்மிட்டிக் அமிலத்தைக் கொடுத்தால் துளிகள் குறைவாகவும் சாவு அதிகமாகவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பால்மிட்டிக் அமிலத்தின் நஞ்சு தணிகிறது.

பால்மிட்டிக் அமிலம் முதலில் பதம் பார்ப்பது எண்டோபிளாச வலையை. பள்ளிப் பாடப்புத்தகத்தில் உட்கருவை ஒட்டி மடிப்பு மடிப்பாக வரையப்பட்டிருக்கும் அந்த வலையைப் பலரும் படித்து மறந்திருப்பார்கள். கல்லீரல் செல்லில் அது மிகச் செழிப்பாக உண்டு. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஆல்புமினையும், ரத்தம் உறைவதற்கான புரதங்களையும், கொழுப்பைப் பொதிந்து அனுப்பும் புரதங்களையும் கல்லீரல் அங்கேதான் தயாரித்து, உரிய வடிவில் மடித்து அனுப்புகிறது. நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் அதன் சவ்வில் சேரச் சேர, சவ்வு விறைக்கிறது. கால்சியத்தை உள்ளே இழுத்து வைக்கும் பம்புகள் தளர்கின்றன. கால்சியம் குறைந்த இடத்தில் புரதங்களை மடிக்கும் வேலை தடுமாறுகிறது. தவறாக மடிந்த புரதங்கள் தேங்குகின்றன. இதையே எண்டோபிளாச வலையின் நெருக்கடி என்கிறோம்.

இந்நெருக்கடியைச் செல் உணர்ந்து விடையிறுக்கும் முறையைக் கண்டறிந்ததற்காக அமெரிக்காவின் பீட்டர் வால்டருக்கும் ஜப்பானின் கசுதோஷி மோரிக்கும் 2014-இல் லாஸ்கர் விருது அளிக்கப்பட்டது. வலையின் சவ்வில் ஐஆர்இ1, பெர்க், ஏடிஎஃப்6 என மூன்று காவல் புரதங்கள் இருக்கின்றன. தவறாக மடிந்த சரக்கு தேங்கியதும் இவை விழித்துக்கொள்கின்றன. ஒன்று புதிய புரத உற்பத்தியைத் தற்காலிகமாகக் குறைக்கிறது; மற்றவை மடிப்புக்கு உதவும் துணைப் புரதங்களை அதிகமாகத் தயாரிக்கவும், கெட்டுப்போனவற்றை அகற்றவும் உட்கருவுக்குச் செய்தி அனுப்புகின்றன. சில மணி நேரத்தில் நிலைமை சீரானால் நல்லது. இந்த ஏற்பாடே நம்மைக் காக்கும் ஏற்பாடு. விருந்துச் சாப்பாடு ஒன்றை உண்டுவிட்டு மறுநாள் நாம் எழுந்து நடமாடுவது இதனால்தான். நெருக்கடி நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும்போதோ அதே காவல் புரதங்கள் வேறு முடிவெடுக்கின்றன. சாப் என்ற புரதத்தின் வழியாகச் செல்லைத் தற்கொலைக்குத் தள்ளுகின்றன.

இடையில் நடக்கும் இன்னொன்றே நீரிழிவோடு இந்நோயைப் பிணைக்கிறது. ஐஆர்இ1 விழித்திருக்கும் வரை ஜேஎன்கே என்ற நொதியும் விழித்திருக்கிறது. அது இன்சுலின் சொல்லும் செய்தி செல்லுக்குள் செல்வதை மறிக்கிறது. ஹார்வர்டில் கோகான் ஹோட்டாமிஸ்லிகிலின் குழு 2004-இல் பருத்த எலிகளின் கல்லீரலில் இதைக் காட்டியது. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத உடலில் இடுப்புக் கொழுப்பு மேலும் மேலும் கரைந்து ரத்தத்தில் இறங்குகிறது. அது கல்லீரலுக்கே வந்து சேர்ந்து நெருக்கடியைக் கூட்டுகிறது. நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழல் இது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கல்லீரல் தழும்பு ஏன் அதிகம் என்ற கேள்விக்கும், கல்லீரலில் கொழுப்பு உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் ஏன் அதிகம் என்ற கேள்விக்கும் விடை இந்த ஒரே சுழலில்தான் இருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவின் கதையும் இதே போக்கில் செல்கிறது. கொழுப்பு அதிகமாக வரும்போது அவை முதலில் கூடுதலாக எரித்து ஈடுகொடுக்கின்றன. 2015-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், உடல் பருத்த ஆனால் அழற்சியற்றவர்களின் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியா இயல்பைவிட அதிகமாக உழைப்பதும், அழற்சி கண்டவர்களிடம் அந்தக் கூடுதல் உழைப்பு இற்றுப்போய், ஆக்சிஜன் கழிவுகளின் சேதம் கூடியிருப்பதும் தெரிந்தன. எரிபொருள் முழுமையாக எரியாதபோது தெறிக்கும் ஆக்சிஜன் சார்ந்த மூலக்கூறுகள் அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபணுப் பொருளையும் தாக்குகின்றன. மது அருந்துவோரின் உடலில் மதுவைச் சிதைக்கும் நொதி ஒன்றும் இதே கழிவை வெளியிடுகிறது. ஆகவே ‘எனக்குக் கொழுப்பு மட்டும்தான், வாரக் கடைசியில் கொஞ்சம் குடித்தால் என்ன’ என்று கேட்பவர், ஒரே செல்லின் மீது இரண்டு பக்கமிருந்தும் சுமையேற்றுகிறார்.

இவ்வாறு வாடும் செல் அமைதியாகச் சாவதில்லை. அது கசியவிடும் பொருள்களைக் கல்லீரலில் குடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்களான குப்ஃபர் செல்கள் உணர்ந்து அழற்சியைக் கிளப்புகின்றன. செல்களுக்கும் ரத்த நுண்குழாய்களுக்கும் இடைப்பட்ட சந்தில் வைட்டமின் ஏ-யைச் சேமித்தபடி சும்மா இருந்த விண்மீன் செல்கள் அந்தச் செய்தியைப் பெற்றதும் தம் தொழிலை மாற்றிக்கொண்டு நார்ப் புரதத்தைச் சுரக்கத் தொடங்குகின்றன. தனிச்சாயமிட்டுப் பார்த்தால், நடுச்சிரையைச் சுற்றி ஒவ்வொரு செல்லையும் வளைத்துக் கோழிக்கூண்டுக் கம்பிவலை கட்டியதுபோல அந்த நார் தெரியும். 2015-இல் வெளியான, 619 நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த பன்னாட்டு ஆய்வில், யார் முன்னதாக இறக்கிறார்கள் என்பதை முன்கூட்டிச் சொன்னது இந்தத் தழும்பின் நிலைதான். கொழுப்பின் அளவு அன்று.

நெருக்கடி எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. மேற்கு வங்கத்தின் கிராமப்புற மக்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், கல்லீரல் கொழுப்பு கண்டவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் உடல் நிறைக் குறியீடு 25-க்கும் கீழே இருந்தது. தோலுக்கடியில் கொழுப்பைச் சேமிக்கும் இடம் நம்மவர்களுக்குக் குறைவு; அது விரைவில் நிரம்பி வழிந்து வயிற்றுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் இறங்குகிறது. ஒல்லியாக இருப்பதால் தப்பிவிட்டோம் என்று எண்ணுபவர்கள் இடுப்பைச் சுற்றி அளந்து பார்ப்பது நல்லது; ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் நமக்கு உரிய வரம்புகள். இவற்றோடு பரம்பரையும் சேர்கிறது. கொழுப்புத் துளியைச் சிதைக்கும் வேலையில் குறுக்கிடும் பிஎன்பிஎல்ஏ3 மரபணு மாற்றம் 2008-இல் கண்டறியப்பட்டது. அதைப் பெற்றவர்களுக்குத் தழும்பேறும் வாய்ப்பு அதிகம்.

செல்லின் நெருக்கடிதான் நோயென்றால், அந்த நெருக்கடியை மட்டும் நிறுத்தும் மருந்து ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். மருந்து நிறுவனங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. நெருக்கடிச் செய்தியை ஜேஎன்கே-க்குக் கடத்தும் ஏஎஸ்கே1 என்ற நொதியைத் தடுக்கும் செலோன்செர்டிப் என்ற மருந்தை, தழும்பு முற்றிய 1,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இரண்டு பெரும் ஆய்வுகளில் 48 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்பட்ட, மருந்தற்ற போலி மாத்திரையைவிட அது தழும்பைக் குறைக்கவில்லை. செல்லின் தற்கொலையைத் தடுக்க முயன்ற எம்ரிகாசானும் தோற்றது. சுமையை இறக்காமல், சுமை தாங்காமல் எழும் முனகலை மட்டும் அடக்கினால் என்ன ஆகும் என்பதை இவை காட்டின என்பது என் கருத்து. ஆய்வாளர்களில் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மருந்து மிகத் தாமதமாகக் கொடுக்கப்பட்டது என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

வைட்டமின் ஈ-யின் வரலாறு சற்று நயமானது. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோயற்ற 247 பேருக்கு 96 வாரங்கள் மருந்து கொடுத்தபோது, நாளொன்றுக்கு 800 அலகு வைட்டமின் ஈ உண்டவர்களில் 43 சதவீதத்தினருக்குத் திசுவில் முன்னேற்றம் தெரிந்தது. போலி மாத்திரை உண்டவர்களில் 19 சதவீதத்தினருக்கே தெரிந்தது. ஆனால் தழும்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மேலும் 2011-இல் வெளியான வேறொரு பெரிய ஆய்வில், நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் ஈ உண்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டிய பொருளன்று அது. நம் ஊரில் கொழுப்புக் கல்லீரலுக்குத் தாராளமாக எழுதப்படும் அர்சோடிஆக்சிகோலிக் அமில மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை: 2004-இல் வெளியான, 166 நோயாளிகளிடம் இரண்டாண்டுகள் நடந்த ஆய்வில் அது போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. அதை உண்டு ‘ரிப்போர்ட் நார்மல் ஆயிற்று’ என்று நிம்மதியடைவோர், ரத்தத்தில் கல்லீரல் நொதி அளவு குறைவதும் தழும்பு குறைவதும் ஒன்றல்ல என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுமையை இறக்கினால் என்ன நடக்கிறது என்பதற்குக் கியூபாவில் நடந்த ஆய்வு சிறந்த சான்று. 2015-இல் வெளியான அதில், 293 நோயாளிகள் ஓராண்டுக் காலம் உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்துகொண்டார்கள். முன்னும் பின்னும் கல்லீரல் துணுக்கு எடுத்துப் பார்க்கப்பட்டது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு அழற்சி நோய் நீங்கியிருந்தது. 45 சதவீதத்தினருக்குத் தழும்பே பின்வாங்கியிருந்தது. அத்தனை எடையைக் குறைக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவில்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. செல்லின் நெருக்கடி உண்மையில் தணிகிறதா என்ற ஐயத்துக்கும் விடையுண்டு. 2009-இல் வெளியான சிறு ஆய்வொன்றில், இரைப்பை அறுவை சிகிச்சைக்கு முன்னும் ஓராண்டுக்குப் பின்னும் எடுக்கப்பட்ட திசுக்களை ஒப்பிட்டபோது, எடை குறைந்தவர்களின் கல்லீரலில் எண்டோபிளாச வலையின் நெருக்கடிக் குறிகள் தணிந்திருந்தன.

அண்மையில் வந்த மருந்துகளில் வெற்றி பெற்றவையும் இதே வழியைச் சேர்ந்தவையே. 2024 மார்ச்சில் அமெரிக்க ஒப்புதல் பெற்ற ரெஸ்மெட்டிரோம், கல்லீரலின் தைராய்டு ஏற்பியைத் தூண்டிக் கொழுப்பை அதிகம் எரிக்க வைக்கிறது. 52 வாரங்களில் 26 முதல் 30 சதவீதத்தினருக்கு அழற்சி நீங்கியது, போலி மருந்தில் அது 10 சதவீதம். 2025 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற செமாகுளுடைடு ஊசி, பசியைக் குறைத்து எடையைக் குறைக்கிறது. 72 வாரங்களில் ஏறத்தாழ 63 சதவீதத்தினருக்கு அழற்சி நீங்கியது, போலி மருந்தில் 34 சதவீதம். இவற்றின் விலையைக் கேட்டால் பலருக்கு நெஞ்சு அடைக்கும். அது தனிக் கடிதத்துக்குரிய பொருள்.

இவ்வளவும் சொன்னதன் நடைமுறைப் பயன் ஸ்கேன் அறிக்கையில் இருக்கிறது. ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’, ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று அதில் எழுதப்படுவது கொழுப்பின் அளவை மட்டுமே குறிக்கிறது. செல் நெருக்கடியில் இருக்கிறதா, தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை. தழும்பு முற்றும்போது கல்லீரல் கொழுப்பு குறைந்துவிடுவதும் உண்டு. கிரேடு இறங்கிவிட்டதாக மகிழும் நோயாளி, நோய் ஏறியவராக இருக்கக்கூடும். கல்லீரல் செல் சேதமடையும்போது ரத்தத்தில் கூடும் நொதியான எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருப்பதும் முழு உத்தரவாதம் அன்று.

இதற்கு மாற்றாக, தழும்பு முற்றியிருக்கும் வாய்ப்பை மதிப்பிடும் ஃபிப்-4 என்ற கணக்கு பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. வயதை, அதேபோன்ற மற்றொரு நொதியான எஸ்.ஜி.ஓ.டி.-யின் அளவால் பெருக்கி, வந்ததை, ஆயிரங்களில் சொல்லப்படும் ரத்தத் தட்டணு எண்ணிக்கையை எஸ்.ஜி.பி.டி.-யின் வர்க்கமூலத்தால் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 58 வயதுடைய ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 42, எஸ்.ஜி.பி.டி. 36, தட்டணுக்கள் 1,40,000 என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத் தாளில் இவற்றுள் எதுவும் கண்ணை உறுத்தாது. மருத்துவரும் புரட்டிவிட்டுப் போய்விடலாம். கணக்கிட்டால் 2,436-ஐ 840-ஆல் வகுத்து 2.9 என்று வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, 2.67-க்கு மேலே இருந்தால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இடைப்பட்டவர்களுக்குக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன் தேவை. முப்பத்தைந்து வயதுக்குக் கீழும் அறுபத்தைந்துக்கு மேலும் இக்கணக்கு அவ்வளவு நம்பகமானதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சர்க்கரை நோயாளிகளுக்கு இக்கணக்கையே முதற்படியாகப் பரிந்துரைக்கிறது.

மத்திய அரசு 2021 பிப்ரவரியில் கல்லீரல் கொழுப்பு நோயைத் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்தது. தமிழ்நாட்டிலோ 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீடு தேடிச் செல்கிறது. ஆகவே யாரைச் சோதிக்க வேண்டும் என்ற பட்டியல் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்குத் தேவையான மூன்று பரிசோதனைகளும் எளிய ஆய்வகங்களிலேயே செய்யக்கூடியவை. எஞ்சியிருப்பது, ஆய்வகக் கணினி அந்த மூன்று எண்களையும் வயதையும் கொண்டு நான்காவதாக ஓர் எண்ணை அச்சிட வேண்டியது மட்டுமே. இதற்குப் புதிய கருவியோ புதிய கட்டடமோ வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலும் தனியார் ஆய்வகங்களிலும் சர்க்கரை நோயாளிகளின் அறிக்கையில் ஃபிப்-4 கட்டாயமாக அச்சிடப்பட வேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை ஆணையிட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் முதன்மையான வேண்டுகோள்.

மற்றொரு வேண்டுகோள் தங்களுக்கு. கல்லீரலைச் ‘சுத்திகரிக்கும்’ பொடிகள், சாறுகள், மாத்திரைகள் பற்றிய விளம்பரங்கள் நாளிதழ்களில் நாள்தோறும் வருகின்றன. அவற்றுள் சில இப்போது ‘செல்லின் அழுத்தத்தைப் போக்கும்’ என்றே அறிவியல் மொழியில் பேசத் தொடங்கிவிட்டன. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்ற நம் மரபு நினைவில் ஆழப் பதிந்திருப்பதால், மூலிகை என்றாலே கல்லீரலுக்கு நல்லது என்று மக்கள் எளிதில் நம்பிவிடுகிறார்கள். கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை நாள்கணக்கின்றி உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் செல்லுக்கு, அளவும் கலப்பும் தெரியாத பொருளைச் சிதைக்கும் வேலையையும் கொடுப்பது கூடுதல் சுமை. இத்தகைய விளம்பரங்களை ஏற்கும் முன் எந்த ஆய்வில், எத்தனை பேரிடம், எதை அளந்து பயன் கண்டார்கள் என்று தங்கள் விளம்பரப் பிரிவு எழுத்தில் கேட்குமானால், பாதி விளம்பரங்கள் தாமாகவே திரும்பிப் போய்விடும். வருவாய் இழப்பு உண்டு என்பதை அறிவேன். நலவாழ்வுப் பக்கத்தின் அடுத்த இதழில் ஃபிப்-4 கணக்கை ஒரு சிறு கட்டத்துக்குள் அச்சிட்டால், வாசகர்கள் தங்கள் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து அன்றே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்வார்கள், 1.3-ஐத் தாண்டியவர்கள் அதை எடுத்துக்கொண்டு தம் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற குறிப்பையும் அக்கட்டத்திலேயே சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வுபெற்ற நோயியல் பேராசிரியர்,
தஞ்சாவூர்.